ஞானம்மாவின் இடது காதும் வாரியத்தின் மைக்கும்

ஞானம்மாவின் வலது காது போய்விட்டது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காது டாக்டர் பரிசோதித்துப் பார்த்து, போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார். இடதும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது, சத்தமான இடத்தை விட்டு உடனே விலகினால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். ஆகவே இந்தக் கதை முழுக்க நாம் கவலைப்பட வேண்டியது ஒரே ஒரு காதைப் பற்றித்தான். ஒரு மாவட்டமே சேர்ந்து ஒரு காதைக் காப்பாற்றுவது பெரிய காரியமா என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவள் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில். பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் ராட்சதச் சம்மட்டி ஒன்று இறங்கி இறங்கி அடித்து, அதை லாரிகளுக்கு வேண்டிய உறுப்புகளாக்கும். அங்கே எல்லோரும் அதை ஹேமர் என்பார்கள். அது அடிக்கும்போது தரை எழும்பி அடங்கும், குடிக்க வைத்திருக்கும் தண்ணீர் டம்ளரை விட்டு வெளியே குதிக்கும். ஹேமர் பக்கத்தில் நின்று, அடித்துப் போட்ட துண்டுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்துப் போடுவது ஞானம்மாவின் வேலை. கணவன் அந்தோணி இறந்த பிறகு காண்டிராக்டில் சேர்ந்தவள், இன்னும் காண்டிராக்டில்தான் இருக்கிறாள்.

அந்த ஷெட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசிப் பிரயோஜனமில்லை. உதட்டை அசைத்தால் எதிரில் இருப்பவர் படித்துக்கொள்வார். டீ வந்துவிட்டது, சூப்பர்வைசர் வருகிறான், அவன் நல்ல மனநிலையில் இல்லை என்பதற்கெல்லாம் தனித்தனிக் கைஜாடை உண்டு. புதிதாகச் சேருகிறவர்கள் கொஞ்ச நாளில் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். சில வருஷம் கழித்து, வீட்டிலும் அவர்களுக்கு இது உபயோகப்படுகிறது.

ஞானம்மாவின் ஒரே மகள் சுகிர்தாவைப் பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. அப்போது மாசமாக இருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஞானம்மா போனை இடது காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மகளோடு பேசுவாள். அதற்காகத்தான் அவளுக்கு அந்தக் காது வேண்டியிருந்தது. சாப்பாடு, தூக்கம், சாமி எல்லாவற்றுக்கும் காது இல்லாமலே சமாளித்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்வாள்.

அவள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். கம்பெனியின் கடைசியில், மதில் ஓரமாக, பேக்கிங் ஷெட் இருக்கிறது. அங்கே ஹேமர் இல்லை. ஓர் ஆள் வேலையை விட்டுப்போய் இடமும் காலியாக இருந்தது. தன்னை அங்கே மாற்றிவிட வேண்டும் என்று கேட்டாள்.

மனிதவள அதிகாரி அன்புராஜ் நேரிலேயே ஹேமர் ஷெட்டுக்கு வந்தார். கம்பெனியில் அனுமதித்த அளவுக்கு மேல் சத்தமே கிடையாது என்பதை அவள் இடது காதில் வாயை வைத்துக் கத்திச் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி கத்தினார். அடுத்த தடவை கத்தும்போது அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு அவளைத் தன் ஏ.சி. அறைக்கு அழைத்துப்போய், கதவைச் சாத்திவிட்டு, சத்தம் கிடையாது என்று நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"எனக்கு ஒரு காதுதான் சார் கீது. இதுனாச்சும் நிக்கட்டும். அந்தாண்ட மாத்தி வுடுங்க" என்றாள் ஞானம்மா.

"நான் இன்னா உனக்கு எதிரியாம்மா? சத்தம் இருக்குன்னு செவிநல வாரியம் எழுதிக் குடுக்கட்டும், மறுநாளே மாத்திடுறேன். உன்ன சும்மா மாத்தினா அங்க சத்தம் இருக்குதுன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கம்பெனியோட நேர்மைன்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்றார் அன்புராஜ்.

கம்பெனியின் நேர்மைக்கு ஊறு வராமல் இருக்க, ஞானம்மா பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூருக்குப் போனாள்.

தொழிலிடச் செவிநல வாரியம் ஒரு வாடகைக் கட்டிடத்தின் மாடியில் இருந்தது. கீழே வெல்டிங் கடை. சத்தம் தாங்க முடியாமல் வாரியத்தார் எல்லா ஜன்னலையும் நிரந்தரமாகச் சாத்தி, இடுக்குகளில் ரப்பர் வைத்து அடைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட அனுபவசாலிகளுக்குத் தன் கஷ்டம் புரியும் என்று ஞானம்மாவுக்கு நம்பிக்கை வந்தது.

வாரியத்தின் இணை இயக்குநர் சுப்பராயன் நல்ல மனிதர். அவளை உட்காரச் சொன்னார். அவள் காதில் பஞ்சு இருப்பதைக் கவனித்து, யார் கொடுத்தது என்று விசாரித்தார். தலையணையிலிருந்து பிய்த்துக்கொண்டது என்றாள் அவள். 'பணியாளர் ஏற்கெனவே செவிக்காப்புச் சாதனம் அணிந்துள்ளார்' என்று எழுதிக்கொண்டார். டாக்டரின் சீட்டைப் படித்துப் பார்த்து, காது கெட்டிருப்பது உண்மைதான், ஆனால் எதனால் கெட்டது என்று காது சொல்லாதே என்று வருத்தப்பட்டார். கல்யாண வீட்டு மைக் செட்டில் போயிருக்கலாம். பிறவியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற காதாகவும் இருக்கலாம்.

சத்தத்தை அளக்க வாரியத்தில் மீட்டர் இல்லையா என்று அவளுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. உடன் வேலை செய்யும் முத்தம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். சுப்பராயன் சிரித்தார்.

"இருக்கும்மா, பீரோவுல இருக்கு. மீட்டர் என்ன குடுக்கும்? ஒரு எண்ணைக் குடுக்கும். எண்ணுங்கிறது ஒரு அபிப்பிராயம். கம்பெனி வக்கீல் எழுந்து, என் மீட்டர் வேற எண் சொல்லுதேன்னா நான் எங்க போவேன்? சத்தத்தை அப்படியே அள்ளிக்கிட்டு வந்து மேசை மேல வைக்கணும். அதுக்கு உயர்தர ஒலிப்பதிவு வேணும். மட்டமான பதிவை வச்சு முடிவு பண்ணினா, அது உங்க காதுக்கு நாங்க பண்ற அவமரியாதை."

தன் காதுக்கு ஒருவர் இவ்வளவு மரியாதை கொடுத்து ஞானம்மா கேட்டதில்லை. முத்தம்மா தன் போனில் ஹேமர் சத்தத்தைப் பிடித்து அனுப்பியிருந்தாள். ஞானம்மா அதைப் போட்டுக் காட்டினாள். சுப்பராயன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிறுத்தச் சொன்னார். ஒரே இரைச்சலாக இருக்கிறது, இதில் சத்தம் எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை என்றார்.

அந்த வாரமே 'உயர்தர ஒலிப்பதிவுக் கருவித் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் சுப்பராயன். விதிப்படி பயனாளிகளிலிருந்து ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். மாவட்டத்தில் செவிநலப் பயனாளியாகப் பதிவாகியிருந்தது ஒருவர்தான் என்பதால் ஞானம்மா உறுப்பினரானாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள் வந்தே ஆக வேண்டும், அவள் இல்லாமல் கூட்டம் செல்லாது. கூட்டத்துக்குப் போகிற நாளெல்லாம் ஒரு ஷிப்ட் போகும். அதை ஈடு கட்ட மறுநாள் டபுள் ஷிப்ட் பார்த்தாள், ஹேமர் பக்கத்தில்தான். காதைக் காப்பாற்றுகிற வேலைக்காக அவள் காது இரண்டு மடங்கு உழைக்கத் தொடங்கியது.

முதல் கூட்டத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. குழுவின் நடவடிக்கைகளை உயர்தரமாக ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று வாரிய ஆணையில் இருந்தது. கருவியோ இன்னும் தேர்வாகவில்லை. பதிவு செய்யாமல் கூட்டம் நடத்தலாமா என்று மாலை வரை விவாதித்து, அந்த விவாதத்தையும் பதிவு செய்ய முடியாததால், கூட்டமே நடக்கவில்லை என்று கொள்வதென்று முடிவு செய்தார்கள். ஞானம்மாவுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகராக விமல் என்ற இளைஞர் வந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு பெரிய ஹெட்போன் தொங்கும். மைக்குகளைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், பெண் பார்த்துவிட்டு வந்தவர் பேசுவதுபோல இருக்கும். இந்த மைக்கில் ஒரு கதகதப்பு இருக்கிறது என்பார். அந்த மைக் நல்லதுதான், ஆனால் கொஞ்சம் முரட்டுச் சுபாவம் என்பார். எத்தனை தூரத்திலிருந்து, எந்தப் பக்கமாக வருகிற சத்தத்தை எந்த மைக் ஏற்கும், எதை ஒதுக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். ஞானம்மா ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பிக் கேட்பதைப் பார்த்து விசாரித்தார். வலது காது கேட்காது என்றாள் அவள்.

"அம்மாவுக்கு மோனோ போதும் சார். ஆனா அரசாங்கத்துக்கு ஸ்டீரியோ வேணும்" என்றார் விமல். அது குறிப்பில் ஏறியது.

மைக்குகளைச் சோதித்துப் பார்க்க எதைப் பேசுவது என்று கேள்வி வந்தது. ஹேமர் சத்தத்தையே வைத்துப் பார்க்கலாமே என்று ஞானம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். எந்தக் கருவி என்று முடிவாகாமல் சத்தத்தின் அருகே போவது, முடிவு தெரியாமல் ஆதாரத்தைத் தொடுவதற்குச் சமம் என்று சுப்பராயன் விளக்கினார். ஆகவே அவர் குடியரசு தினத்தில் ஆற்றிய உரையை ஒவ்வொரு மைக்கிலும் பேசிப் பதிந்து, ஹெட்போனில் கேட்டார்கள். அந்த உரையில் தொழிலாளர்கள் நாட்டின் முதுகெலும்பு என்று வருகிறது. முதுகெலும்பு என்ற சொல் ஒரு மைக்கில் கம்பீரமாக ஒலித்தது. இன்னொன்றில் அவருக்கு ஜலதோஷம் பிடித்திருப்பது தெரிந்தது. மிகைப்படுத்திக் காட்டுகிற தன்மை உடையது என்று அதை நிராகரித்தார்கள். சுப்பராயன் அன்று முழுக்க ஹெட்போனைக் கழற்றவில்லை. தன் குரல் இப்படி இருக்கும் என்று தனக்கு இத்தனை வருஷம் யாருமே சொல்லவில்லையே என்று ஆச்சரியப்பட்டார்.

உள்ளூர் வல்லுநர் ஒருவரும் வேண்டும் என்று, பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் மைக் செட் வாடகைக்கு விடும் பச்சையப்பனைக் கூப்பிட்டார்கள். திருவிழா, காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். அவர் வந்ததும் மேசையிலிருந்த விலையுயர்ந்த மைக்கை எடுத்து, விரலால் தட்டி, பலமாக ஊதினார். மைக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"தட்டிப் பாக்காத மைக்க நான் நம்பமாட்டேன். ஊதினா எட்டு ஊருக்குக் கேக்கணும். எக்கோ இல்லாம இன்னாத்துக்கு மைக்கு?" என்றார் பச்சையப்பன்.

எக்கோவை உண்மையின் ஒரு பகுதியாகக் கருதலாமா, அது உண்மைக்கு மேல் சேர்த்ததா என்று குழு இரண்டாகப் பிரிந்தது. ஞானம்மாவின் ஓட்டு யார் பக்கம் என்று கேட்டார்கள். எக்கோ என்றால் என்ன என்று அவள் கேட்டாள். நடுநிலை என்று எழுதிக்கொண்டார்கள். கடைசியில் பச்சையப்பன் தலைமையில் எக்கோ துணைக்குழு ஒன்று அமைத்தார்கள். அது இன்றைக்கும் இருக்கிறது.

இதற்கிடையில் சுகிர்தாவுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. மருமகன் போனைக் குழந்தையின் வாயருகே வைத்தான். குழந்தை வீறிட்டு அழுதது. ஞானம்மாவுக்கு அது போர்வைக்குள்ளிருந்து அழுவது மாதிரி எங்கோ தொலைவில் கேட்டது. போன் கெட்டுவிட்டதோ என்று முத்தம்மாவிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னாள். முத்தம்மா கேட்டுவிட்டு, இன்னா தொண்ட இதுக்கு, ஊரையே எழுப்பிடும் என்று உதட்டால் சொன்னாள். ஞானம்மா போனை வாங்கி இன்னும் அழுத்திப் பிடித்தாள். எத்தனை அழுத்தினாலும் சத்தம் போர்வைக்குள்ளேதான் இருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

மறுபடி பரிசோதித்த டாக்டர், இன்னுமா அங்கேயே நிற்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச காலம் இப்படியே போனால் இடது காதையும் மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

அந்தப் பயத்தோடு அவள் அடுத்த கூட்டத்துக்குப் போனபோது கூட்டம் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. சுப்பராயனும் விமலும் கொடைக்கானல் போயிருந்தார்கள். சத்தத்தை அறிய வேண்டுமானால் முதலில் நிசப்தத்தை அறிய வேண்டும், திருவள்ளூர் மாவட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்க நிசப்தம் கிடைக்கவில்லை என்று கோப்பில் காரணம் எழுதியிருந்தது. குடும்பத்தோடு போயிருந்தார்கள். திரும்பி வந்து சமர்ப்பித்த அறிக்கையில், நிசப்தம் மிகவும் திருப்திகரமாக இருந்ததாகவும், காலை வேளையில் மட்டும் சற்றுக் குளிர் அதிகம் என்றும் கண்டிருந்தது.

பிறகு கூடிய கூட்டத்தில் அறிக்கையைப் படித்து முடித்ததும் ஞானம்மா எழுந்து நின்றாள்.

"சார், சீக்கிரம் எதுனா ஒண்ணு வாங்கிடுங்க சார். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா போய்க்கினே கீது. எம் பேத்தி அழுவறதே சரியா கேக்கல."

சுப்பராயனுக்கு முகம் வாடிவிட்டது. மனம் புண்பட்டால் அவர் மெதுவாகப் பேசுவார். "உங்களுக்காகத்தான்மா இவ்வளவு பேர் உழைக்கிறோம். எதுனா ஒண்ணு வாங்குங்கன்னு சொல்றீங்களே, தரத்துல சமரசம் பண்ணச் சொல்றீங்களா? நாளைக்கு உங்க கேஸ் நிக்காமப் போனா இந்த வாரியத்தோட பேர் என்னாகும்?"

அவர் மெதுவாகப் பேசியதால் பாதி அவளுக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ஒருவழியாக மைக் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு. மரப்பெட்டிக்குள் நீல வெல்வெட்டில் படுத்திருந்தது. பதிவுக் கருவி தனிப்பெட்டி, ஹெட்போன் தனிப்பெட்டி. சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். தேங்காய் உடைக்கப் போகும்போது விமல் பாய்ந்து தடுத்தார். பக்கத்தில் அப்படித் திடீர்ச் சத்தம் வரக்கூடாதாம். தேங்காயை அடுத்த தெருவுக்கு எடுத்துப்போய் உடைத்துக்கொண்டு வந்தார்கள். வெயில் ஆகாது என்பதால் சுப்பராயன் தன் அறை ஏ.சி.யை அதற்குக் கொடுத்துவிட்டு வராந்தாவில் மேசை போட்டுக்கொண்டார். எந்த அதிகாரியும் எந்த மனிதனுக்கும் இவ்வளவு விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

பிறகு விமல் கருவியோடு வந்த கையேட்டைப் படித்தார். மிகச் சன்னமான ஒலியையும் விடாமல் பிடிக்கிற மைக் அது. அதனாலேயே பூஞ்சை உடம்பு. அதிர்வு கூடாது, தூசு கூடாது, சூடு கூடாது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சத்தம் கூடவே கூடாது. மீறினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு கிழிந்துவிடும், மைக் செய்த கம்பெனி பொறுப்பேற்காது. ஹேமர் ஷெட்டில் இந்த நாலும்தான் இருந்தது, வேறெதுவும் இல்லை.

அவசரக் கூட்டம் கூடியது. இவ்வளவு சத்தத்தில் அந்தத் தகடு ஒரு நிமிஷம்கூடத் தாங்காது என்று விமல் கலங்கிய குரலில் சொன்னார். அப்படியானால் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமே, தகடே கிழியும் என்றால் என் காது எப்படித் தாங்கும் என்று ஞானம்மா கேட்டாள். குழு அவளைப் பரிதாபமாகப் பார்த்தது.

"அம்மா, காது உங்களோடது. மைக் அரசாங்கச் சொத்து" என்றார் சுப்பராயன். "காது போனா யாரும் என்னைக் கேள்வி கேக்கமாட்டாங்க. இது போனா தணிக்கை வரும். நீங்களும் இந்தக் குழு உறுப்பினர், உங்களுக்கும் பொறுப்பு இருக்கு. மறந்துடாதீங்க."

கையேட்டில் சொல்லியுள்ள சூழலில் மட்டுமே பதிவு செய்வது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். ஒருமனதில் ஞானம்மாவின் மனமும் சேர்க்கப்பட்டிருந்தது.

கம்பெனிக்குக் கடிதம் போனது. அன்புராஜ் முழு ஒத்துழைப்புக் கொடுத்தார். பதிவுக்கு முந்தின நாளே உலையை அணைத்து ஆறவிட்டார்கள். ஹேமரை நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். தரையைக் கழுவித் தூசு தட்டும் வேலை ஹேமர் ஷெட் பெண்களுக்குக் கிடைத்தது. ஞானம்மா தன் காதுக்கான ஆதாரம் கிடைக்கப்போகிற இடத்தை, தன் கையாலேயே பெருக்கிச் சுத்தம் செய்தாள்.

மறுநாள் மைக் ஏ.சி. காரில் வந்தது. வாரியத்தார் வேன் ஒன்றில் பின்னால் வந்தார்கள். ஷெட் நடுவே ரப்பர் மெத்தை போட்டு, அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்தி, மைக்கை ஏற்றினார்கள். தும்மல், இருமல் உள்ளவர்களை வெளியே அனுப்பினார்கள். கூரைமேல் காக்கை ஒன்று கத்தியது. அதை விரட்ட ஓர் ஆளை ஏணியில் ஏற்றினார்கள். ஏணி கிரீச்சிட்டது, ஏணியை எடுத்தார்கள். ஆள் கூரையிலேயே இருந்தான்.

தொழிலாளர்கள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தது. அவர்களுக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. உதட்டாலும் கையாலும் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். "இன்னாத்தப் புடிக்கிறானுங்க?" என்று முத்தம்மா உதட்டால் கேட்டாள். "சத்தத்த" என்றாள் ஞானம்மா. "எங்க கீது?" என்று முத்தம்மா கையை விரித்தாள். வரிசை முழுக்கச் சத்தமில்லாமல் சிரித்தது. இப்படி ஒரு கட்டுப்பாட்டைத் தான் எந்தத் தொழிற்சாலையிலும் கண்டதில்லை என்று சுப்பராயன் பிற்பாடு அறிக்கையில் பாராட்டி எழுதினார்.

பதிவு அருமையாக அமைந்தது. விமல் ஹெட்போனில் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கொடைக்கானலில்கூட இப்படிக் கிடைக்கவில்லை என்றார். எல்லோருக்கும் மட்டன் பிரியாணி வந்தது.

வாரியத்தார் கிளம்பியதும் தார்ப்பாயை எடுத்து உலையைப் பற்றவைத்தார்கள். ராத்திரி ஷிப்டில் உற்பத்தியை ஈடு கட்ட வேண்டியிருந்ததால் ஞானம்மாவையும் நிறுத்திக்கொண்டார்கள். இரும்பு பழுத்து வந்தது. ஹேமர் மேலே போய் இறங்கியது. அவள் கால் வழியாக அதிர்வு ஏறி முழங்காலைத் தொட்டது. இரும்பு நசுங்கித் தட்டையாவதைக் கண்ணால் பார்த்தாள். ஆனால் சத்தம் வரவில்லை. வாரியத்தார் ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஹேமர் திரும்பவும் இறங்கியது. முத்தம்மா பக்கம் திரும்பி, ஓடுதா என்று கேட்டாள். முத்தம்மா ஓடுது என்று தலையாட்டினாள். அவளால் வேறு எந்த ஜாடையும் செய்ய முடியவில்லை. அந்த ஷெட்டில் எல்லாவற்றுக்கும் ஜாடை இருந்தது, இதற்கு மட்டும் யாரும் ஒன்று வைத்திருக்கவில்லை.

இறுதி விசாரணை வாரிய அலுவலகத்தில் நடந்தது. அன்புராஜ் கம்பெனி சார்பில் வந்திருந்தார். பயனாளியின் கருத்தையும் உயர்தரமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று ஞானம்மாவின் முகத்துக்கு எதிரே அந்த மைக்கையே வைத்திருந்தார்கள். விமல் மிகுந்த கவனத்தோடு ஹெட்போனை அவள் தலையில் மாட்டி, இரண்டு காதையும் மூடினார். பிறகு ஒரு பொத்தானை அமுக்கினார். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஓடத் தொடங்கிவிட்டதா, இனிமேல்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சத்தம் கேக்குதாம்மா?" என்று சுப்பராயனின் உதடு கேட்டது.

"கேக்கல சார்."

விமல் ஒலியைக் கூட்டினார். இப்போது என்று சுப்பராயன் கேட்டார். கேக்கல என்றாள். இன்னும் கூட்டினார்கள். நன்றாகக் கேட்டுப் பார்த்துச் சொல்லும்படி அன்புராஜே பெருந்தன்மையாக வேண்டிக்கொண்டார். கேக்கல என்று மறுபடியும் சொன்னாள். பிறகு அவளாகவே ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இதுல மட்டும் இல்ல சார். எதுலயும் கேக்கல. பஸ்ஸு ஹாரன் கேக்கல, எம் பொண்ணு பேசறது கேக்கல. அவ பெத்தது அழுவுது, போன்ல வாயத்தான் பாத்துக்கினு கீறேன். நீங்க இப்ப பேசறதையும் உங்க வாயப் பாத்துத்தான் சொல்லிக்கினு கீறேன். எனக்கு இருந்ததே அது ஒண்ணுதான். நீங்க மைக்கு பாத்துக்கினு இருந்தீங்க, அதுக்குள்ள அது பூட்ச்சி."

தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. காது கேட்காதவர்களுக்குத் தெரியாது. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. விமல் பதறிப்போய் மைக்கை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, தகடு, தகடு என்று சொன்னார். நல்லவேளையாக மைக்குக்கு எதுவும் ஆகவில்லை. சுப்பராயன் எழுந்து வந்து, இரண்டு கையாலும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அன்று மாலையே ஆணை தயாரானது. ஞானம்மா கடைசியாகப் பேசியது அனுமதித்த அளவை மீறிய ஒலியாக இருந்ததால் தர அடிப்படையில் நீக்கப்பட்டது. மனுதாரர் தம் சொந்தக் குரலில், தெளிவாக, ஒருமுறைக்குப் பலமுறை, சத்தம் கேட்கவில்லை என்று தெரிவித்திருப்பதால் மனு முடித்துவைக்கப்படுகிறது. அவளைப் பார்த்துப் பிற்பாடு முத்தம்மாவும் இன்னும் சில பெண்களும் பேக்கிங் ஷெட் கேட்டுக் கொடுத்திருந்த மனுக்களும் இதே ஆதாரத்தின் பேரில் முடித்துவைக்கப்பட்டன. அன்புராஜ் இதில் ஒரு நல்லதைச் செய்தார். ஹேமர் பக்கத்தில் நிற்பதால் இனிமேல் கெட்டுப்போக எதுவும் இல்லாத ஒரே ஆள் ஞானம்மாதான் என்று நிர்வாகத்துக்கு எழுதி, அந்த இடத்தை அவளுக்கு நிரந்தரமாக்கினார்.

மைக்கை அதன்பிறகு வெளியே எடுக்கவில்லை. வேறு மாவட்டங்களிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். சுப்பராயன் அவர்களை ஏ.சி. அறைக்குள் செருப்பில்லாமல் அழைத்துப்போய், ஹெட்போனை மாட்டிவிட்டு, மாதிரிக்கு ஒரு பதிவைப் போட்டுக் காட்டுகிறார். கேக்கல சார் என்கிறாள் ஞானம்மா. அந்தம்மா பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி இல்லையா என்று அவர் கேட்கிறார். வந்தவர்கள் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்கிறார்கள். சொல்வதற்கு முன்னால் அவள் மூச்சை இழுத்து அடக்குவதுகூட அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறதாம்.